ஐரோப்பியப் பொதுச் சந்தையும் சிறு வணிகரும்

நாடுகள் தம்மிடையேயுள்ள சுங்கத் தீர்வைகளை நீக்கிவிட்டாற் பொதுச் சந்தை தானாகவே உருவாகிவிடும் என்ற கருத்துப் பரவலாக நிலவுகின்றது. ஐரோப்பிய அனுபவம் இதனை உறுதிப்படுத்தவில்லை. தீர்வை கண்ணுக்குப் புலப்படும் தடை. அது நீங்கிய பின்னரே ஏனைய தடைகள் வெளிப்படுகின்றன.

பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1957இல் உரோம் நகரிற் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழி ஐரோப்பியப் பொருளாதார சமூகம் தோன்றிற்று. 1968 யூலையில் இவற்றுக்கிடையிலான சுங்கத் தீர்வைகள் முற்றாக நீங்கின. எனினும் பொருள்களின் தரம், உள்ளடக்கம் ஆகியன பற்றி ஒவ்வொரு நாடும் தனித்தனிச் சட்டங்களைக் கொண்டிருந்தமையால், தீர்வை நின்ற இடத்தில் அச்சட்டங்கள் தடையாக நின்றன.

'காசிஸ் த டிஜோன்' என்னும் பிரெஞ்சுப் பழமது பற்றிய வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இம்மதுவில் 15 முதல் 20 சதவீத மதுசாரமே உண்டு. இத்தகைய மதுவகைகளிற் குறைந்தது 25 சதவீதம் இருத்தல் வேண்டுமென்ற ஜேர்மன் சட்டத்தால் அதன் விற்பனை மறுக்கப்பட்டது. இவ்விதி நுகர்வோர் நலனுக்கானது என ஜேர்மன் அரசு வாதிட்டது. மதுசார அளவைச் சுட்டுத்துண்டிற் குறிப்பிடுதலே போதுமெனக் கண்ட ஐரோப்பிய நீதிமன்றம், ஓர் உறுப்பு நாட்டிற் சட்டப்படி விற்கப்படும் பொருளை ஏனைய நாடுகள் தக்க காரணமின்றித் தடுத்தலாகாது என 1979இல் தீர்ப்பளித்தது. நுகர்வோரின் பெயரால் உள்நாட்டு உற்பத்தியாளர் பாதுகாக்கப்படலாம் என்பதை இவ்வழக்குப் புலப்படுத்திற்று. 1986இற் கைச்சாத்திடப்பட்ட ஒற்றை ஐரோப்பியச் சட்டமும், 1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சந்தையும் இப்பாதையிலேயே சென்றன.

அரசுகள் எழுப்பிய தடைகள் தளர்ந்தபோதிலும் ஏகபோக நிறுவனங்கள் எழுப்பும் தடைகள் நீங்கவில்லை. 'ஆன்ஹைசர் புஷ் இன்பெவ்' என்னும் பெருங் கம்பனியின் 'ஜூப்பிலர்' பியர், பெல்ஜியத்திலும் பார்க்க நெதர்லாந்தில் மலிவாக விற்கப்பட்டது. அம்மலிவுச் சரக்கு எல்லை கடந்து பெல்ஜியத்தை அடைவதைத் தடுக்கும் பொருட்டு, நெதர்லாந்துக்கு அனுப்பிய சில கலன்களின் சுட்டுத்துண்டிலிருந்து பிரெஞ்சு மொழி விபரங்களைக் கம்பனி நீக்கியது. ஐரோப்பிய ஆணைக்குழு 2019இல் 20 கோடி யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது. 1979இற் சந்தையைத் திறக்க உதவிய அதே சுட்டுத்துண்டு, இங்கு அதனை அடைக்கும் கருவியாயிற்று.

சிறு வணிகரின் இடர்ப்பாடு வேறு வகையினது. பிற உறுப்பு நாடுகளின் நுகர்வோருக்கு இணையவழி விற்போர், அந்நாடுகளுக்குரிய பெறுமதிசேர் வரியைத் தம் நாட்டிலேயே ஒருமித்துச் செலுத்தும் வசதி 2021 யூலையில் ஏற்பட்டது. ஆயினும் பொதியிடற் பொருள்களின் கழிவுப் பொறுப்புக்காக நாடுதோறும் தனித்தனியே பதிவு செய்தல் வேண்டும். பெருங் கம்பனிக்கு இது ஓர் அலுவலகச் செலவு. இருவர் மூவர் நடத்தும் தொழிலகத்துக்கோ எல்லை கடந்த விற்பனையையே கைவிடச் செய்யுஞ் சுமை.

இச்சுமை நுகர்வோரையும் தாக்குகின்றது. வாழிடத்தைக் காரணங்காட்டி வாங்குபவரை மறுத்தலாகாது என 2018ஆம் ஆண்டின் விதி பொதுவாகக் கூறுகின்றது. ஆனால் பொருளை அவரது நாட்டுக்கு அனுப்புமாறு அது விற்பவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சிறு விற்பனையாளர் அனுப்பத் தயங்க, நுகர்வோர் பெருங் கம்பனிகளையே நாடுகின்றனர்.

ஆகவே, பொதுச் சந்தையை வலுப்படுத்துதல் விதிகளை ஒழிப்பதாகாது. பலவாய்ச் சிதறியுள்ள விதிகளை ஒன்றாக்குதல், ஏகபோகத்தைச் சட்டத்துக்கு உட்படுத்தல், சிறியோரும் பயன்படுத்தத்தக்க எளிய நடைமுறைகளை அமைத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். இவையின்றேல் எல்லைகள் திறந்திருப்பினும் அவற்றைக் கடப்போர் பெரு முதலாளிகளாகவே இருப்பர்.