ஏர்போர்ட்டுக்கு அப்புறம் இருபத்து மூணு நாள்!

ராஜாங்கப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியூர் போய், போன காரியத்தை விட்டுவிட்டு வேறு காரியம் பார்த்தவர்கள் பட்டியல் போட்டால், முதல் பெயர் எங்க ஊர்க்காரருடையதாகத்தான் இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், மாணிக்கவாசகரைச் சொல்கிறேன். பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பொன்னையெல்லாம் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். ராஜா கணக்குக் கேட்டபோது, சிவபெருமானே நரிகளைக் குதிரையாக்கி ஓட்டி வந்து காப்பாற்றினார்.

அதே திருவாதவூரிலிருந்து, பாங்க் பணத்தை வாங்கிக்கொண்டு 2024-ல் அமெரிக்கா கிளம்பினான் என் அக்கா மகன். எம்.எஸ். படிக்க. நரியைப் பரியாக்கித் தர அவனுக்கு யார் இருக்கிறார்கள்? தாய்மாமன் நான்தான். அதுவும் வெறும் பி.காம்.!

மே மாதமே விசா கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 26-ம் தேதி படிப்பு ஆரம்பம். அக்கா காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே போடாகப் போட்டாள்: "ஆடியில எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். ஆனி முடியறதுக்குள்ள கிளம்பிரணும்."

அமெரிக்காக்காரன் காலேஜ் திறப்பது ஆகஸ்டில். ஆடி முடிவதும் ஆகஸ்டில். இந்தச் சிக்கல் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் வருஷா வருஷம் நடக்கிறதோ! மதுரையில் ஒரு டிராவல்ஸில் கேட்டோம். "சீக்கிரம் போனா டிக்கெட் சீப் சார்" என்றார்கள். ஜூலை 15-க்குப் போட்டும் கொடுத்தார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஒரு வாரம் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, முப்பது நாளைக்கு முன்னாடி உள்ளயே விட மாட்டாங்களாம்!"

விஷயம் இதுதான். மாணவர் விசாவில் போகிறவர், காலேஜ் கொடுக்கும் ஐ-20 என்ற தாளில் போட்டிருக்கும் ஆரம்பத் தேதிக்கு முப்பது நாளுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. விசா பல மாதம் முன்பே கைக்கு வந்துவிடும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்த்து, 'அதான் விசா இருக்கே' என்று கிளம்பினால் கதை கந்தல். இவனுக்குக் கணக்குப்படி ஜூலை 27-க்கு முன்னால் நுழைவு கிடையாது. பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால் ஒரு மாதம் முன்னால் போகலாம். அதற்குக் குறைந்த படிப்பு என்றால் ஒரே வாரம்தான்.

ஆனியில் போனால் அமெரிக்கா விடாது. ஆடியில் போனால் அக்கா விடமாட்டாள். ஆவணி பிறக்கட்டும் என்றால் கையில் ஒன்பதே நாள்தான் மிஞ்சும். கடைசியில் மச்சான்தான் வழி கண்டுபிடித்தார். "ஆடிப் பதினெட்டு நல்ல நாளுதானே?" ஆகஸ்ட் 3. அக்கா அரை மனசாகத் தலையாட்டினாள். டிக்கெட்டை மாற்றியதில் போன பணத்தைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும். வேண்டாம்.

மச்சான் கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவர். மகன் செலவுக்கென்று ஒரு நீள நோட்டே போட்டிருந்தார். பரீட்சை ஃபீஸ், விசா ஃபீஸ், செவிஸ் ஃபீஸ் 350 டாலர், விமானம், பெட்டி, ஸ்வெட்டர் எல்லாம் வரிசையாக இருந்தன. வெளிநாட்டுப் படிப்புக்கு நாலு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து நம் கையிலிருந்து போடவேண்டும். ஏழரை லட்சம் தாண்டினால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் பாங்கில், அக்காவின் நகை இன்னொரு பாங்கில். அதற்கும் தனித்தனிப் பக்கம். அதற்குப் பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'செப்டம்பர் முதல் மாதச் செலவு.'

"மச்சான், ஆகஸ்டு எங்க?" என்றேன்.

"அதான் டிக்கெட் எழுதியிருக்கேனே மாப்ளே."

நம்ம வீடுகளில் கணக்கு ஏர்போர்ட்டோடு முடிந்துவிடுகிறது, சார். வேன் பிடித்து, பதினாறு பேர் போய், மாலை போட்டு, போட்டோ எடுத்து, அழுது முடித்தால் பையன் அமெரிக்காவில் செட்டிலாகிவிட்டான் என்று அர்த்தம். ஆனால் பாங்க் ஃபீஸை நேராகக் காலேஜுக்கு அனுப்பிவிடுகிறது. காலேஜ் ஹாஸ்டலோ, வெளியே வாடகை வீடோ, கதவு திறப்பது வகுப்பையொட்டித்தான். இவன் நண்பர்களோடு சேர்ந்து பிடித்த வீட்டின் ஒப்பந்தம் ஆகஸ்ட் 15-ல்தான் தொடக்கம். போய் இறங்குவதோ அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, படுக்கை, சட்டி பானை, சிம் கார்டு, பஸ் எல்லாம் கைப்பணம். சம்பாதிக்கலாம் என்றால், வெளியே கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நின்றால் விசாவுக்கே ஆபத்து. காலேஜ் வளாகத்துக்குள் வேலை கிடைத்தாலும் வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். அதில் முதல் சம்பளம் வரும்வரை வயிறு காத்திருக்குமா?

ஜெர்மனி போகிறவன் பாடு இன்னொரு விதம். ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோவை முடக்கு கணக்கில் கட்டிக் காட்டினால்தான் விசா. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அதுவும் அங்கே போய்க் கணக்கைத் திறந்த பிறகு. பணம் இருக்கும், கைக்கு வராது!

வீட்டு விஷயத்தில் இன்னொரு கூத்து. முதலில் ஒரு வீட்டுக்கு விளம்பரம் பார்த்தான். போட்டோவில் அரண்மனை, வாடகையோ மேலூர் வாடகை! உடனே அட்வான்ஸ் அனுப்பினால் சாவி உங்களுக்கு என்றார்கள். 'அங்கே இருக்கிற சீனியர் யாரையாவது நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுடா' என்றேன். ஒருவர் போனார். அந்த விலாசத்தில் கார் கழுவுகிற இடம்தான் இருந்ததாம். எங்க ஊர்க் கதையிலும் லாயத்தில் கட்டிய குதிரைகள் ராத்திரியே மறுபடி நரியாகி ஓடின என்பதை நினைத்துக்கொண்டேன்.

போய் இறங்கின முதல் நாட்களில் முழிப்பது ஒன்றும் புதிதில்லை. 1888-ல் லண்டன் போன காந்தி, கப்பலிலிருந்து வெள்ளை ஃபிளானல் உடுப்பில் இறங்கினார். ஊரில் அப்படி வெள்ளை போட்டவர் அவர் ஒருவர்தான். மாற்றலாமென்றால் பெட்டிகள் வந்து சேரவில்லை. அன்று சனிக்கிழமை. பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, எதிர்ப்பக்கமாகத் தடவி ரோமத்தைக் கலைத்து, ஒரு முறைப்பும் வாங்கிக்கொண்டார். ஹோட்டல் பில் மூன்று பவுண்டு என்றதும் ஆடிப்போனார். ராத்திரியில் அம்மாவை நினைத்து அழுததையும் அவரே எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க இன்னர் டெம்பிளில் சேர்ந்தது நவம்பர் மாதம்.

நம்ம கணித மேதை ராமானுஜன் கதை எனக்கு இன்னும் நெருக்கம். 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் கிளம்பினார். குடுமி எடுத்த கோலத்தை அம்மா பார்க்கக் கூடாதென்று முன்கூட்டியே வீட்டாரைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உபகாரச் சம்பளம் வருஷத்துக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கு. ஏப்ரல் 14-ல் லண்டனில் இறங்கியபோது பேராசிரியர் நெவில் வந்து அழைத்துப் போனார். இந்திய மாணவர்கள் வந்ததும் தங்குவதற்கென்றே கிராம்வெல் ரோடு 21-ம் நம்பரில் ஒரு வீடு இருந்தது. அங்கே சில நாள். அப்புறம் கேம்பிரிட்ஜில் நெவில் வீட்டிலேயே தங்கல். இத்தனை பேர் தாங்கியும் ஒரு சின்ன விஷயத்தை யாரும் சொல்லவில்லை. பிற்பாடு அவர் அறைக்குப் போன மகலனோபிஸ், குளிரில் தூக்கமில்லை என்று இவர் சொன்னதும் படுக்கையைப் பார்த்தாராம். கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகியபடி இருந்தன. ராமானுஜன் அதற்குள்ளே நுழையத் தெரியாமல், ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைப் போர்த்தி மேலேயே படுத்திருக்கிறார்!

இன்றைக்குக் கிராம்வெல் ரோட்டு வேலையைச் செய்வது சீனியர் பையன்களின் ஹால். பல பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர் சங்கத்தார் புதிதாக வருகிறவர்களுக்குச் சில நாள் இடம் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். நம்ம பையனுக்கும் அப்படித்தான் கிடைத்தது. மூன்று குண்டூர்ப் பையன்கள். ஹாலில் ஒரு காற்றடைத்த மெத்தை. பதினோரு ராத்திரி!

அக்கா கட்டிக் கொடுத்ததில் மிக்ஸியை நான்தான் வெளியே எடுத்தேன். அங்கே கரண்டு 120 வோல்ட். நம்ம 230 வோல்ட் மிக்ஸி முனகுமே தவிர அரைக்காது. கொல்லையில் பறித்த கறிவேப்பிலையையும் எடுக்கச் சொன்னேன். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புகிற பூச்சி அந்த இலையில் வருமென்று பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. "இலைக்கெல்லாமா விசா கேப்பாங்க?" என்று அக்கா கோபித்துக்கொண்டாள். ஊறுகாய் தப்பியது.

போன நாலாம் நாள் அக்காவிடம் வீடியோவில் பேசினான். "சாப்பிட்டியா?", "சாப்டேம்மா", "கட்டில் எப்படி?", "நல்லா இருக்கும்மா." எனக்கு மட்டும் தனியாகப் பேசினான். "மாமா, மெத்தையில காத்து நிக்க மாட்டேங்குது. காலைல எந்திரிச்சா தரையில கிடக்கேன். இங்க எல்லாரும் வேலை, லேப்னு போயிர்றாங்க. பகல் பூரா நான் மட்டும்தான். இன்னும் காலேஜும் இல்ல, வீடும் இல்ல. யாராவது நீ யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல மாமா."

என்னிடம் பதில் இல்லை. "கையில எவ்வளவு இருக்குடா?" என்றுதான் கேட்டேன். சொன்னான். அன்றைக்கே மச்சான் நோட்டில் கோட்டை அடித்துவிட்டு 'ஆகஸ்டு' என்று ஒரு பக்கம் போட்டோம். தினமும் பையன் சொல்லச் சொல்ல மச்சான் எழுதினார். போர்வை ஒன்று, வாளி இல்லை, பஸ் கார்டு, பழைய சைக்கிள், குண்டூர்ப் பையன்களுக்கு அரிசி மூட்டை.

போன வாரம் மேலத்தெருவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் மகன் ஜனவரியில் அயர்லாந்து போகிறானாம். திண்ணையில் உட்கார்ந்து மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"அண்ணே, அந்த ஆகஸ்டுப் பக்கத்தை மட்டும் குடுங்கண்ணே. ஜெராக்ஸ் எடுத்துட்டு உடனே தந்துர்றேன்."