ஆங்கில மிகுதியடைகள்: தேய்வும் புதுப்பிப்பும்

ஒரு பெயரடையின் அளவை உயர்த்திக் காட்ட ஆங்கிலம் பல வினையடைகளைக் கையாளுகின்றது. வெரி, ரியலி, ஸோ, டெரிபிலி ஆகியன அன்றாட வழக்கில் மிகுதியாகப் பயில்வன. இவற்றுள் 'வெரி' செம்மையானது, 'ரியலி' கொச்சையானது என்னும் எண்ணம் ஆசிரியரிடையே நிலவுவதுண்டு. இவ்வெண்ணம் சொல் வரலாற்றோடு பொருந்துகின்றதா என்பதையும், அதனால் மொழியாசிரியர் பெறும் தெளிவு யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

பழைய ஆங்கிலத்தில் 'வலிமையாக' எனப் பொருள்பட்ட 'ஸ்வீதெ' என்னும் சொல்லே மிகுதியை உணர்த்தியது. அது பின்னர் வழக்கொழிந்தது. 'வெரி' என்பதோ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் 'உண்மையான' என்பதாகும். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தன்முன் நிற்பவன் மெய்யாகவே தன் மகன் ஏசாதானா என ஈசாக்கு ஐயுறும் இடத்தில் இச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. 'உண்மை' என்னும் பொருள் தேய்ந்து, மிகுதிப் பொருள் எஞ்சியது. 'ரியலி' என்பதும் 'உண்மையாக' என்னும் பொருளிலிருந்து அதே வழியில் வந்ததே. ஆகவே, இவ்விரண்டும் ஒரே பாதையில் முன்பின்னாகச் சென்றவை எனலாம்.

மிகுதிச் சொற்கள் பழகப் பழக வலுவிழக்கின்றன. அவ்விடத்தை நிரப்பப் புதியன வருகின்றன. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து இட்டோவும் தாக்லியமான்டேயும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, முதியோர் 'வெரி'யையும் இளையோர் 'ரியலி'யையும் மிகுதியாக ஆளுவதைக் காட்டியது. அச்சத்தைக் குறித்த 'டெரிபிலி' இன்று நற்பண்பையும் மிகுப்பது இத்தேய்வின் மற்றொரு சான்றாகும்.

எனினும், எச்சொல்லும் எங்கும் வரலாம் என்பதன்று. அளவு கூடிக் குறையும் 'குளிர்ந்த' போன்ற பெயரடையோடு 'வெரி' இயல்பாக இணையும். எல்லையை எட்டிவிட்ட 'உறைபனி போன்ற' என்னும் பொருளுடைய 'ஃப்ரீசிங்' என்பதோடு 'அப்சலூட்லி' வருவதே மரபு. சில இணைப்புகள் விதிக்கு அடங்கா; 'வருந்துகின்ற' எனப் பொருள்படும் 'சாரி' என்பதற்கு 'ஆழமாக' எனப் பொருள்படும் 'டீப்லி' அடையாகின்றது. இவற்றைச் சொற்றொடராகவே பயிற்ற வேண்டும்.

தமிழாசிரியருக்கு இந்நிகழ்வு புதிதன்று. தொல்காப்பியம் உறு, தவ, நனி என மூன்றனை மிகுதிப்பொருள் தரும் உரிச்சொற்களாகக் கூறுகின்றது; நன்னூல் சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்து ஆறாக்குகின்றது. இன்று 'உறுதுணை', 'சாலச் சிறந்தது', 'கழிபேருவகை' போன்ற தொடர்களில் அவை எஞ்சியுள்ளன. பேச்சில் அவற்றின் இடத்தைப் பிடித்த 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் திரிபாகும். 'பயங்கர அழகு' என இளையோர் கூறுவதும் 'டெரிபிலி' சென்ற பாதையே.

ஆகவே, மாணவர் கட்டுரையில் 'ரொம்ப' என்பதைக் காணும் ஆசிரியர், அதனைப் பிழை என அடித்துவிடுவதினும், அது பேச்சு வழக்குக்குரியது, எழுத்துக்கு 'மிக' ஏற்றது என இடம் சுட்டித் திருத்துதல் நன்று. அதற்கடுத்த படி, 'மிக அழகான' என்பதையே எங்கும் எழுதும் பழக்கத்தைக் களைவதாகும். 'கன்னங்கரிய', 'செக்கச்சிவந்த' என மிகுதியைத் தம்முள்ளேயே கொண்ட தமிழ்ச் சொற்களை அறிமுகப்படுத்தின், வேறு அடையின் துணையின்றியே மாணவரின் நடை வலுப்பெறும்.