திகிலும் தீர்ப்பும்: ‘பீப்பிங் ரொம்’ திரைப்படமும் அதன் பார்வையாளரும்

ஒரு திரைப்படம் பார்வையாளரை இரு கூறாகப் பிரிக்கும்போது, அப்பிளவுக்கான காரணத்தை நாம் வழக்கமாகத் தனிமனித இரசனையிலேயே தேடுகின்றோம். மென்மையான உள்ளம் படைத்தோர் வெறுப்பர், கலைநுட்பம் அறிந்தோர் போற்றுவர் என்று கூறி அமைந்துவிடுகின்றோம். இவ்விளக்கம் எளிதானது, ஆனால் போதாதது. ஒரு நாட்டின் விமர்சகர்கள் சாக்கடைக்குரியதென ஒதுக்கிய ஒரு படம், ஒரு தலைமுறைக்குள் அதே நாட்டிற் பெரும் படைப்பாக ஏற்கப்படுமாயின், அம்மாற்றத்தை இரசனை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. பார்ப்பவர் யார், எத்தகைய சூழலிற் பார்க்கிறார், படம் அவரை எந்த இடத்தில் நிறுத்துகின்றது ஆகிய வினாக்கள் எழுகின்றன. மைக்கேல் பவல் நெறிப்படுத்தி 1960 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான ‘பீப்பிங் ரொம்’ என்னும் உளவியல் திகிற்படத்தின் வரலாறு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

படத்தின் பெயர் ஒரு பழங்கதையிலிருந்து வந்தது. கொவென்றி நகர வீதியில் ஆடையின்றிக் குதிரைமீது சென்ற கொடைவா சீமாட்டியை ஊரார் எவரும் பார்க்கலாகாது என்பது கட்டளை. அதை மீறி ஒளிந்து நோக்கிய ரொம் என்பவன் பார்வையிழந்தான் என்பது கதை. ஒளிந்திருந்து பார்ப்பவன் என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் அப்பெயர் வழங்கிவருகின்றது. லியோ மார்க்ஸ் எழுதிய திரைக்கதையில், மார்க் லூயிஸ் என்னும் இளைஞன் திரைப்படக் கலையகமொன்றிற் கமராவின் குவியத்தைச் சரிசெய்யும் உதவியாளன். ஓய்வு நேரத்தில் ஒரு பத்திரிகைக் கடையின் மாடியில், மறைவாக விற்பதற்கான பெண்களின் படங்களை எடுத்துக்கொடுப்பவன். அவன் பெண்களைக் கொல்கிறான். கொல்லும் கணத்தில் அவர்கள் முகத்திற் படரும் அச்சத்தைப் படம்பிடிக்கிறான். கமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலே அவனது ஆயுதம். சாகின்றவள் தன் அச்சத்தைத் தானே காணுமாறு ஒரு கண்ணாடியும் அதனோடு பொருத்தப்பட்டுள்ளது. அவனது தந்தை அச்சத்தை ஆராய்ந்த விஞ்ஞானி. தன் மகனையே ஆய்வுப் பொருளாக்கி, உறங்கும் சிறுவனின் படுக்கையிற் பல்லியை விட்டு, அவன் வெருள்வதைப் படமெடுத்தவர். மகனுக்கு முதற் கமராவைப் பரிசளித்தவரும் அவரே. அத்தந்தையாகப் பவலும் சிறுவனாகப் பவலின் சொந்த மகனும் தோன்றினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

படம் வெளியானதும் இலண்டன் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. ‘ரிபியூன்’ இதழின் டெரெக் ஹில், இதனைச் சவளால் அள்ளிச் சாக்கடையிற் கொட்டினாலும் நாற்றம் போகாது என்ற கருத்துப்பட எழுதினார். ‘சண்டே ரைம்ஸ்’ விமர்சகர் டிலிஸ் பவலும் (இவர் நெறியாளரின் உறவினரல்லர்) இதனைக் கண்டித்தோரில் ஒருவர். விநியோகத்தர் படத்தை விரைவிற் புழக்கத்திலிருந்து விலக்கினர். எமெரிக் பிரஸ்பேர்கருடன் இணைந்து ‘பிளாக் நார்சிசஸ்’ (1947), ‘த ரெட் ஷூஸ்’ (1948) முதலிய படங்களை ஆக்கிப் புகழ்பெற்றிருந்த நெறியாளரின் வாழ்வு இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டது. இத்துடன் அவரது கலைவாழ்வே முடிவுற்றது எனச் சிலர் கூறுவது மிகையாகும். அவர் அவுஸ்திரேலியாவில் 1966 இலும் 1969 இலும் படங்களை ஆக்கினார். எனினும் பிரித்தானியத் திரைப்படத் துறையில் முன்பு வகித்த இடத்தை அவர் மீண்டும் பெறவில்லை.

இவ்வெறுப்புக்குக் காரணம் படத்திலுள்ள கொடூரமா? அவ்வாறு கொள்வதற்கில்லை. இதே விநியோகத்தர் 1959 இல் வெளியிட்ட ‘ஹொரேர்ஸ் ஒவ் த பிளாக் மியூசியம்’ என்ற படம், தொலைநோக்கியிற் பொருத்திய கூரிய ஆணிகள் ஒரு பெண்ணின் கண்களைக் குத்துவதுடன் தொடங்குகின்றது. அது இத்தகைய கூச்சலை எழுப்பவில்லை. ‘பீப்பிங் ரொம்’ படத்திலோ குருதி மிகக் குறைவாகவே காட்டப்படுகின்றது. ஆகவே, எதைக் காட்டுகிறது என்பதிலன்றி எவ்வாறு பார்க்கச் செய்கிறது என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

படத்தின் முதற் கொலையைக் கொலைகாரனின் கமராவினூடாகவே நாம் காண்கிறோம். கமராவின் பார்வைக் கண்ணாடியிலுள்ள குறுக்குக் கோடுகள் திரையெங்கும் தெரிகின்றன. நம் கண்ணும் அவன் கண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து, அதே நிகழ்ச்சியை அவன் தன் இருண்ட அறையில் திரையிட்டுப் பார்க்கின்றான். இருளிலிருந்து ஒளித்திரையை உற்றுநோக்கும் அவனது நிலை திரையரங்கில் அமர்ந்திருக்கும் நமது நிலையே. வழக்கமான திகிற்படம் அரக்கனை எதிரே நிறுத்தி, நம்மை அச்சத்துக்குரிய அப்பாவிகளாக வைத்திருக்கும். இப்படமோ அப்பாவித்தனத்தைத் தொடக்கத்திலேயே பறித்துவிடுகின்றது. கொலையாளியை வெறுத்து விலகவும் அது விடுவதில்லை. கார்ல் பேம் அவனைக் கூச்சமும் பரிவுக்குரிய தனிமையும் கொண்டவனாகவே நடித்துக் காட்டுகிறார். வெறுக்க முடியாத கொலையாளியும் மறுக்க முடியாத உடந்தையும் சேரும்போது பார்வையாளருக்கு எஞ்சும் வழி படத்தையே வெறுப்பதுதான்.

இக்கருத்தை அதே ஆண்டில் வெளியான அல்பிரட் ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’வுடன் ஒப்பிட்டுத் தெளியலாம். அதுவும் பெண்ணைக் கொல்லும் இளைஞனின் கதையே. பெற்றோரால் உருக்குலைந்த மனமே அங்கும் பொருள். கொல்லப்பட்டவளின் உடலைத் தாங்கிய கார் சேற்றில் அமிழாது ஒரு கணம் நிற்கும்போது, அது அமிழ்ந்துவிட வேண்டுமென நாமும் விழைகிறோம். அதாவது, ஹிட்ச்கொக்கும் நம்மை உடந்தையாக்குகிறார். ஆயினும் இறுதியில் ஒரு மனநோய் மருத்துவரை வருவித்து, நிகழ்ந்த அனைத்தையும் நோயாகப் பெயரிட்டு விளக்கி, நம்மை மீண்டும் நல்லவர்களாக வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். பவலின் படத்தில் அத்தகைய விடுதலை இல்லை. அங்கே மனத்தை ஆராய்ந்த விஞ்ஞானியே நோயின் மூலமாவார்.

பார்க்கும் சூழலும் வேறானது. ‘சைக்கோ’வை ஹிட்ச்கொக் விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தனியே திரையிடவில்லை, படம் தொடங்கிய பின் எவரையும் அரங்கினுள் விடலாகாதெனவும் பணித்தார். எனவே விமர்சகர்கள் பொதுமக்களின் அலறலுக்கும் சிரிப்புக்கும் நடுவே அமர்ந்து பார்க்க நேர்ந்தது. அவர்களிற் பலரும் அதனை முதலில் விரும்பவில்லை. ‘ஒப்சேவர்’ இதழின் சி. ஏ. லெஜூன் படம் முடியுமுன்னரே எழுந்து சென்றார். ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழின் பொஸ்லி குரோதர் முதலிற் குறைத்தெழுதினாராயினும், ஆண்டிறுதியில் தமது சிறந்த பத்துப் படங்களுள் அதனையும் சேர்த்தார். ஏறத்தாழ 8 இலட்சம் டொலர் செலவில் ஆக்கப்பட்ட அப்படத்தைப் பெருந்திரளான மக்கள் ஏற்றுக்கொண்டமையால் விமர்சகரின் முதற்றீர்ப்பு நிலைக்கவில்லை. ‘பீப்பிங் ரொம்’ படத்துக்கோ மக்கள் தீர்ப்பு வழங்கும் வாய்ப்பே அரிதாகக் கிட்டியது. விமர்சகரின் வெறுப்பு விநியோகத்தரின் அச்சமாகவும், அவ்வச்சம் மக்களின் மௌனமாகவும் மாற்றப்பட்டது. இன்று ‘அக்காலப் பார்வையாளர் வெறுத்தனர்’ என்று நாம் எழுதும்போது, பார்க்கக் கிடைத்தோர் எத்தனை பேர் என்பதை மறந்துவிடலாகாது.

‘ரிபியூன்’ இடதுசாரி இதழ் என்பது முற்போக்கு நோக்குடையோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தியாகும். கலை மனிதனை மேம்படுத்த வேண்டும் என்ற கோட்பாட்டில் தவறில்லை. ஆனால் அக்கோட்பாடு, இருண்ட பொருளைக் கையாளும் படைப்பு யாவும் இருளுக்குத் துணைபோவது என்ற முடிவாகச் சுருங்கும்போது, சமூக விமர்சனத்தையே நாம் இழக்க நேர்கின்றது. இப்படத்தில் ஒரு காட்சி உண்டு. கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் பத்திரிகைக் கடைக்கு வருகிறார். மதிப்புவாய்ந்த நாளிதழ்களைக் கேட்கிறார். பின்னர் தயங்கித் தயங்கி, மறைவாக விற்கப்படும் படங்களையும் கேட்கிறார். கீழே செய்தியும் மேலே பெண்ணுடலும் விற்கப்படும் அக்கடை, பார்வையே பண்டமாக்கப்பட்ட சமூகத்தின் சிறு வடிவம். ஒரு கொலை நிகழுமிடமோ திரைப்படக் கலையகத்தின் உள்ளேயே. மார்க் தனியொருவனாக முளைத்த அரக்கனல்லன்; அவனது வெறிக்கு இரு தொழில்கள் கூலி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இதனை முதலிற் கண்டிருக்க வேண்டியவர்கள் முற்போக்கு விமர்சகர்களே.

எனினும் படத்தை வெறுத்தோர் அனைவரும் அறியாதோர் என்று முடிவுசெய்வதும் நேர்மையாகாது. பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுவதை ஆணின் கண்ணால் காணுமாறு வற்புறுத்தப்படும் பெண் பார்வையாளரின் நிலை வேறானது. ஒளிந்து பார்க்கும் இச்சையை அம்பலப்படுத்தும் படமே அவ்விச்சைக்குத் தீனியுமாகலாம். லோறா மல்வி 1975 இல் ‘ஸ்கிறீன்’ இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, வணிகத் திரைப்படம் பார்ப்பவனை ஆணாகவும் பார்க்கப்படுபவளைப் பெண்ணாகவும் அமைத்துவிடுகின்றது என நிறுவ முயன்றது. பவலின் படம் இவ்வமைப்பைக் காட்டிக்கொடுக்கின்றது; ஆனால் அதிலிருந்து முற்றாக விடுபட்டது எனக் கூறமுடியாது. மார்க்கின் இரகசியத்தை முதலில் உணர்பவர், அவன் நேசிக்கும் ஹெலனின் பார்வையற்ற தாய். பார்வையின் மயக்கத்துக்கு ஆட்படாதவரே உண்மையை அறிகிறார் என்னும் இவ்வமைப்பு, படம் தன்னைப் பற்றித் தானே கொண்டுள்ள ஐயமாகத் தோன்றுகின்றது.

மார்ட்டின் ஸ்கோர்செசியின் ஆதரவுடன் 1979 இல் நியூயோர்க் திரைப்பட விழாவில் இப்படம் மீண்டும் திரையிடப்பட்டது. டிலிஸ் பவல் 1994 இல் தமது பழைய தீர்ப்பு பிழையென அதே ‘சண்டே ரைம்ஸ்’ இதழில் ஒப்புக்கொண்டார். நெறியாளர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1990 இல் மறைந்துவிட்டார். 1999 இற் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த பிரித்தானியப் படங்களின் வரிசையில் இது 78 ஆவது இடத்தைப் பெற்றது. இவ்வரலாற்றைப் புறக்கணிக்கப்பட்ட மேதையின் இறுதி வெற்றியாக மட்டும் கூறுவது வழக்கம். அவ்வாறு கூறுவோர் தம்மையும் அறியாது மற்றொரு வசதியான இருக்கையில் அமர்ந்துவிடுகின்றனர். போற்றப்படும் படம் எவரையும் உறுத்துவதில்லை.

மனத்தைக் குலைக்கும் படமொன்றைக் கண்டு வெளிவருகையில், ‘இது நல்லதா, கெட்டதா’ என்ற வினா முதலில் எழுவது இயல்பே. அதற்கு விடை கூறுமுன், நம்மை வருத்தியது அங்கே காட்டப்பட்ட குற்றமா, அன்றி அதனைக் கண்கொட்டாது பார்த்திருந்த நமது நிலையா என்று பிரித்தறிதல் வேண்டும். 1960 இன் விமர்சகர்கள் தவறியது இப்பிரித்தறிதலிலேயே. அவர்களது சினம் பொய்யன்று. அது திசைமாறிய சினம்.