நம் பிள்ளைகள் எந்த மொழியில் ஜெபிப்பார்கள்?



மும்பை, பெங்களூரு, டெல்லி, அகமதாபாத் என்று பிழைப்பைத் தேடி வந்த பட்டணங்களில் நாம் குடியிருக்கிறோம். வீட்டிலே தமிழ், தெருவிலே இந்தி அல்லது அவ்விடத்து மொழி, பள்ளியிலே ஆங்கிலம் என்பதே நம் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை. "இத்தனை மொழிகளைச் சின்னப் பிள்ளை தாங்குமா, பாஸ்டர்? தமிழை விட்டுவிட்டால் என்ன?" என்று ஆலோசனை கேட்டு வரும் இளம் தம்பதிகள் அநேகர். அவர்களுக்குச் சொல்லும் பதிலை நான் என் சொந்தக் குறையிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

எங்கள் மூத்த மகனை மூன்று வயதில் மும்பையில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்தோம். இரண்டாம் மாதத்தில் ஆசிரியை எங்களை அழைத்து, "பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லை, வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்றார்கள். வேதாகமக் கல்லூரியில் கற்ற ஆங்கிலம் என்னிடம் இருந்தது. என் மனைவிக்கோ அதுவும் இல்லை. ஆயினும் அன்றே வீட்டில் தமிழை நிறுத்தினோம். வா, உட்கார், சாப்பிடு, சத்தம் போடாதே என்னும் கட்டளைகளுக்கு எங்கள் ஆங்கிலம் போதுமானதாயிருந்தது. கதை சொல்லவும், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் தேற்றவும் அது போதவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோனதை நாங்கள் கவனிக்கவுமில்லை.

2005ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நாங்குநேரிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குப் போனோம். அவனுக்கு அப்போது ஏழு வயது. என் தாயார் அவனை அருகில் உட்காரவைத்து ஏதேதோ கேட்டார்கள். அவனோ ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தான். நான் சொன்னேன், அவன் பதிலளித்தான், மறுபடியும் நான் சொன்னேன். சற்று நேரம் கழித்து அம்மா, "ஏலே, என் பேரன்கிட்ட பேச எனக்கு நடுவுல ஒரு ஆள் வேணுமாலே?" என்று கேட்டார்கள்.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அவன் ஆங்கிலத்தில் அழகாய் ஜெபித்தான். தேவன் அதைக் கேட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் தாயாரால் அதற்கு ஆமென் சொல்ல முடியவில்லை. சபையில் ஒருவர் ஜெபிப்பது மற்றவருக்கு விளங்காவிட்டால் அவர் அதில் இசைய முடியாது என்று 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் விளக்குவதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். என் சொந்த வீட்டில் அதை அன்றுதான் கண்டேன். நான்கு ஆண்டுகளுக்குப்பின் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். பாட்டியும் பேரனும் நேரடியாய்ப் பேசிக்கொண்ட வார்த்தைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இரண்டு மொழிகள் பிள்ளையைக் குழப்புமா?

குழப்பும் என்று ஒரு காலத்தில் கல்வியாளர்களே நம்பினார்கள். 1962ஆம் ஆண்டில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர், கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கு அறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட அறிவுத்திறன் தேர்வுகளில் மேலாகவே செய்திருந்தார்கள். அந்த மேன்மை எவ்வளவு என்பதில் பின்வந்தவர்கள் கருத்து வேறுபட்டாலும், இரண்டு மொழிகள் பிள்ளையின் அறிவைக் கெடுக்கும் என்ற பழைய பயம் நிலைநிற்கவில்லை.

"அம்மா, பானி வேணும்" என்று பிள்ளை கலந்து பேசினால் கலங்காதிருங்கள். கையிலிருக்கும் சொல்லைப் பிள்ளை பயன்படுத்துகிறது, அவ்வளவே. வளர வளர, யாரிடம் எதைப் பேசவேண்டும் என்பதைத் தானாய்ப் பிரித்தறியும். அதற்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கிடும்போது இரண்டு மொழிகளையும் சேர்த்தே எண்ணுங்கள். ஆனால் இரண்டு வயதாகியும் பிள்ளை பேச முயலவில்லை, அல்லது கூப்பிட்ட சத்தத்திற்குத் திரும்பவில்லை என்றால், தமிழின்மேல் பழிபோட்டுக் காலத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டிக் காதைச் சோதியுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, யார் எந்த மொழி பேசுவது என்பதைத் தீர்மானியுங்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, தன் மகனிடம் தான் பிரெஞ்சிலும், தன் மனைவி ஜெர்மன் மொழியிலும் மாத்திரம் பேசி வளர்த்த விதத்தை 1913ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். பிள்ளை இரண்டையும் நன்றாய்க் கற்றான். கணவன் தமிழர், மனைவி மலையாளி அல்லது மராத்தியர் என்றிருக்கும் நம் சபைக் குடும்பங்களுக்கு இந்த வழி ஏற்றது. இருவரும் தமிழரானால் வாசற்படிக்கு உள்ளே தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியும் ஆங்கிலமும் வெளியேயிருந்து தாமே வந்து சேரும்; தமிழோ நாம் கொடுத்தாலொழிய வராது.

இரண்டாவது, தொலைக்காட்சியையும் கைபேசியையும் நம்பாதிருங்கள். 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பாட்ரீசியா கூல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் விளையாடிப் பேசியவரிடமிருந்து குழந்தைகள் அதன் ஒலிகளைக் கற்றுக்கொண்டன; அதே பேச்சை ஒளிப்பதிவில் கேட்ட குழந்தைகள் கற்கவில்லை. ஆகையால் சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் பேசுங்கள். பிள்ளைகளோடு வீட்டிலும் வழியிலும் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று உபாகமம் 6ஆம் அதிகாரம் போதிப்பதும் இதுவே அல்லவா?

மூன்றாவது, பிள்ளை வேறு மொழியில் பதிலளித்தால் கடிந்துகொள்ளாதிருங்கள். "பாபா ஆகயே" என்றால், "ஆமாம், அப்பா வந்துவிட்டார், பையில் என்ன இருக்கிறது, போய்ப் பார்" என்று தமிழில் தொடருங்கள். சிரிக்கப்பட்ட பிள்ளை அந்த மொழியை விட்டு ஓடிப்போகும்.

நான்காவது, எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். 247 எழுத்துகள் என்று பயமுறுத்த வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் சில குறியீடுகளும் பழகினால் மற்றவை சேர்ந்து வருபவையே. ஞாயிறு பள்ளியில் வாரம் இரண்டு எழுத்து, வீட்டு ஜெபத்தில் ஒரு வசனத்தை விரல் வைத்து வாசித்தல் என்று தொடங்கலாம்.

பிற மொழிகளை அற்பமாய் எண்ணாதிருங்கள்

நெகேமியா 13ஆம் அதிகாரத்தில் யூத பாஷை பேசத் தெரியாத பிள்ளைகளைக் கண்டு நெகேமியா வேதனைப்படுகிறார். அதை வைத்து மற்ற மொழிகளை வெறுக்கக் கூடாது. அப்போஸ்தலர் 21, 22ஆம் அதிகாரங்களைப் பாருங்கள். எருசலேமில் பிடிபட்ட பவுல் சேனாபதியிடம் கிரேக்கில் பேசி அனுமதி பெறுகிறார். திரண்டிருந்த தன் ஜனத்திடமோ எபிரெய பாஷையில் பேசுகிறார். ஜனங்கள் அமர்ந்து கேட்கிறார்கள். இரண்டு மொழியும் அவருக்குத் தேவையாயிருந்தது. மகாராஷ்டிர மாநிலத்தில் 2020ஆம் ஆண்டின் சட்டப்படி பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். அதை நம் பிள்ளைகள் சந்தோஷமாய்க் கற்கட்டும். நமக்கு அப்பம் தரும் ஊரின் மொழி அது.

எங்கள் இளைய மகளைத் தமிழிலேயே பேசி வளர்த்தோம். பள்ளியில் முதல் சில மாதங்கள் அவளும் மௌனமாயிருந்தாள். நாங்கள் பொறுத்திருந்தோம். ஆண்டு முடிவதற்குள் இந்தியும் ஆங்கிலமும் அவள் வாயில் இருந்தன, தமிழும் இருந்தது. மகனோ இருபது வயதுக்குமேல் தங்கையிடம் எழுத்துக் கற்று, இன்று குடும்ப ஜெபத்தில் தமிழில் மெதுவாய் வாசிக்கிறான். வாசிக்கும்போதெல்லாம் என் தாயாரை நினைத்துக்கொள்கிறேன்.

பிரியமானவர்களே, ஊரில் உங்கள் பெற்றோர் உயிரோடிருந்தால், இன்றிரவே அவர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பிறகு அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் நடுவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.