நுண்ணுயிர் எழுதிய குறிப்பு

வெப்பமானி தோன்றிச் சில நூற்றாண்டுகளே ஆகின்றன. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் நிலவுலகம் எத்துணை வெம்மை உடையதாய் இருந்தது என்பதை அளந்தவர் எவரும் இலர். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்கள் சில அவ்வெம்மையைத் தம் உடலிலேயே குறித்து வைத்துச் சென்றன. பாக்டீரியா எனப்படும் அந்நுண்ணுயிர்களின் சவ்வில் அமைந்த கொழுப்பே அக்குறிப்பாகும்.

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. உயிரணுவுக்கு மதிலும் அதுவே, வாயிலும் அதுவே. கொழுப்பால் ஆகிய அச்சவ்வு குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகின்றது. நல்லெண்ணெயோ உறையாது நிற்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மூலக்கூறுகளின் வடிவமே. நேரான சங்கிலிகள் நெருங்கி அடுக்குண்டு இறுகும். வளைவோ கிளையோ உடையவை அங்ஙனம் நெருங்கமாட்டா. சவ்வு இறுகினால் உணவு உட்புகாது. மிக இளகினால் உள்ளிருப்பவை கசிந்தொழியும். ஆதலின், தட்பவெப்பத்திற்கேற்பச் சவ்வின் கொழுப்பை மாற்றியமைத்தல் நுண்ணுயிர்க்கு உயிர்காக்கும் செயலாகும்.

மண்ணில் வாழும் அசிடோபாக்டீரியா என்னும் பெரும்பிரிவைச் சார்ந்தவை, 15 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பமிலச் சங்கிலிகளை ஆக்குகின்றன. சங்கிலியின் கடைசியில் மெதில் தொகுதி என்னும் சிறு கிளை ஒன்று உண்டு. பொதுவாகச் சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆயது. ஓரடுக்கின் சங்கிலி முனை மற்றோரடுக்கின் முனையை எதிர்நோக்கி நிற்கும். நொதி ஒன்று அம்முனைகளைப் பிணைத்து 30 கார்பன் அணுக்கள் கொண்ட நெடுஞ்சங்கிலியாக்குகின்றது. அதன் இரு தலைப்பிலும் கிளிசரால் பற்றி நிற்கும். அப்பற்று, எளிதிற் சிதையாத ஈதர்ப் பிணைப்பாக அமைகின்றது. இவ்வாறு உருவான மூலக்கூறு சவ்வை ஊடுருவித் தூண்போல் நிற்கின்றது. பாக்டீரியாக்களில் இத்தகைய பிணைப்புகளைச் செய்யும் நொதிகளின் மரபணுக்கள் சில 2022-இல் கண்டறியப்பட்டன. நுண்ணுயிர் மடிந்த பின்னரும் இவ்வுறுதியான கொழுப்பு கோடிக்கணக்கான ஆண்டுகள் அழியாதிருத்தல் கூடும்.

இம்மூலக்கூற்றில் மெதில் கிளைகள் 4 முதல் 6 வரை உண்டு. யாப் சின்னிங்ஹே டம்ஸ்டே முதலிய நெதர்லாந்து அறிஞர்கள், உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற 134 மண் மாதிரிகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். குளிர்நாட்டு மண்ணில் கிளைகள் மிகுதி. வெப்பநாட்டு மண்ணில் குறைவு. எனவே, கிளைகளை எண்ணினால் பண்டைய வெப்பநிலையைக் கணக்கிடலாம்.

வடதுருவத்திற்கு அணித்தே, ஆர்க்டிக் கடலின் அடித்தளத்தில், 2004-ஆம் ஆண்டில் 400 மீட்டருக்கு மேல் துளையிட்டு வண்டலை எடுத்தனர். முற்காலத்து ஆறுகள் அடித்து வந்த மண்ணின் கொழுப்பு அதில் இருந்தது. அதனை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன் அங்குள்ள நிலப்பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 17 பாகை சென்டிகிரேடிலிருந்து 25 பாகை வரை உயர்ந்தது எனத் தெரிந்தது. இன்று பனி உறைந்து கிடக்கும் இடம் அன்று அத்துணை வெம்மையுற்றிருந்தது!

சான்று கிடைத்தால் மட்டும் போதாது. சான்று கூறுவோர் யார் என்பதும் தெரிதல் வேண்டும். இக்கொழுப்பை ஆக்குவது எவ்வுயிர் என்பது நெடுநாள் ஐயமாகவே இருந்தது. 2011-இல் அசிடோபாக்டீரியாவின்மேல் கருத்துச் சென்றது. ஆஸ்திரேலியப் புல்வெளி மண்ணில் கிடைத்த ஒருவகை நுண்ணுயிர், வளர்க்கும் வெப்பநிலைக்கேற்ப இக்கொழுப்பின் கிளைகளை மாற்றுகின்றது என்பது 2022-இல் புலனாயிற்று. எனினும், மண்ணின் அமிலத்தன்மையும் ஆக்சிஜன் அளவும் இக்கொழுப்பைத் தாக்குவதுண்டு. ஏரிநீரிலும் இது உண்டாவதுண்டு. ஆகவே, அறிஞர் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்கின்றனர்.

அக்காலத்தில் காற்றில் கரியமிலவாயு பெருகியதே உலகம் வெம்மையுற்றதற்குக் காரணம் என்பர். இன்று மாந்தர் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து அவ்வாயுவைக் காற்றில் சேர்க்கும் விரைவு அதனினும் மிகுதி. நுண்ணுயிர் எழுதி வைத்த குறிப்பு பழமையைப் பற்றியதேயாயினும், அதனைப் படித்து நடக்க வேண்டியவர் இன்று வாழ்வோரே.