பருமருந்தும் மயிருதிர்வும்

இளையோர் முகத்தே தோன்றும் பருக்களைப் பொருட்படுத்தத் தகாத சிறுநோய் என்று கருதுவார் பலர். ஓரிரு பருக்கள் எழுந்து தாமே அடங்குமிடத்து அக்கருத்துப் பொருந்தும். ஆயின், தோலின் ஆழத்தே கட்டிகளாய்த் திரண்டு, சீழ்கொண்டு உடைந்து, ஆறியபின்னும் குழிகளையும் தழும்புகளையும் ஆயுள் முழுதும் விட்டுச் செல்லும் கொடிய வகையும் உண்டு. அவ்வகைக்கு இன்று வழங்கும் மருந்துகளுள் தலையாயது ஐசோட்ரெடினாயின் என்பது. அதனை உண்போரிற் சிலர்க்குத் தலைமயிர் உதிர்கின்றது. தழும்புக்கு அஞ்சி மருந்தை நாடியவர், சீப்பில் மயிர்ச்சுருளைக் கண்டதும் வழுக்கைக்கு அஞ்சி அதனைப் பாதியில் எறிந்துவிடுதலும் நிகழ்கின்றது. இவ்வச்சம் எவ்வளவிற்கு நியாயமானது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

மயிர் என்னுஞ் சொல்லைக் கண்டு நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். இக்காலப் பேச்சில் அது வசையாய்த் தாழ்ந்துவிட்டதேனும் இலக்கியத்தில் அதற்கு இழுக்கு யாதுமில்லை. தம் நிலையினின்று தாழ்ந்தார்க்கு உவமை தேடிய வள்ளுவர் எடுத்துக்கொண்டதும் தலையினின்று வீழ்ந்த மயிரையே. சிம்சோன் வரலாற்றை ஞாயிறு பள்ளியிற் கேட்டு வளர்ந்த நம்மனோர்க்கோ, மயிரிழப்பு வலியிழப்பாகவே தோன்றுதல் இயல்பு. ஆதலின், மயிருதிர்வுக்குக் கவலுவோரை வீண் அழகு விரும்பிகள் என்று இகழ்தல் முறையன்று.

ஐசோட்ரெடினாயின், வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்தின் நெருங்கிய உறவாகிய ஓர் அமிலம். தோலில் நெய்யைச் சுரக்கும் சுரப்பிகளைச் சுருக்கிப் பருவின் மூலத்தையே வற்றச் செய்வது இதன் இயல்பு. 1979-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவராகிய கேரி பெக் என்பாரும் அவருடன் உழைத்தாரும், வேறெம்மருந்துக்கும் அடங்காத பருக்களையுடைய 14 பேர்க்கு இதனை நான்கு திங்கள் கொடுத்து, அவருள் 13 பேர் முற்றும் குணமடைந்ததாக வெளியிட்டனர். 1982-ல் அந்நாட்டு அரசாங்கம் இதன் விற்பனைக்கு இசைவளித்தது.

இனி, உயிர்ச்சத்தின் உறவாகிய பொருள் தலைமயிர்க்குத் தீங்கு செய்வது யாங்ஙனம் என்று வினவலாம். உயிர்ச்சத்தாயினும் அளவு மிகின் நஞ்சேயாம். வைட்டமின் ஏ உடலில் மிகுந்தோர்க்குத் தோல் உரிதலும், உதடு வெடித்தலும், மயிர் உதிர்தலும் நெடுங்காலமாகக் கண்டறியப்பட்ட குறிகள். தென் துருவப் பனிநிலத்தை ஆராயச் சென்ற டக்ளஸ் மாசன் என்பாரின் வரலாறு இதனோடு சேர்த்துப் பேசப்படுவது. 1912 டிசம்பரில் உடன்சென்ற ஒருவர் பெரும்பகுதி உணவோடு பனிப்பிளவில் வீழ்ந்து மறைந்தார். எஞ்சிய மாசனும் சேவியர் மெர்ட்ஸும் வண்டியிழுத்த நாய்களையே கொன்று, அவற்றின் ஈரலையும் உண்டு நடந்தனர். இருவர்க்கும் தோல் உரிந்தது, மயிர் உதிர்ந்தது. 1913 ஜனவரியில் மெர்ட்ஸ் உயிர் துறந்தார். மாசன் ஒருவரே தனியே நடந்து மீண்டார். நாயின் ஈரலில் மிகுந்திருந்த வைட்டமின் ஏ இத்துன்பத்திற்குக் காரணமாதல் கூடும் என்று 1969-ல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் எழுதினர். பட்டினியும் குளிருமே காரணம் என்பாரும் உளர். பருமருந்து உண்பவரின் உதடு வறண்டு வெடித்தலும் தோல் உலர்தலும் இக்குறிகளின் மெல்லிய சாயலே எனலாம்.

மயிர் எங்ஙனம் உதிர்கின்றது என்பதை அறிந்தாலன்றி அச்சம் நீங்காது. மக்கள் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்க்கால்கள் உள. அவை வயலிலுள்ள நெற்பயிர்போல் ஒருங்கே வளர்ந்து ஒருங்கே முதிர்வன அல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய காலக்கணக்கில் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களிற் சுருங்கும். அதன்பின் மூன்று திங்களளவு ஓய்ந்து கிடக்கும். ஓய்வின் முடிவிலேயே பழைய மயிர் கழல, அவ்விடத்தே புதியது முளைக்கின்றது. நாள்தோறும் 50 முதல் 100 மயிர்வரை வீழ்தல் நோயற்றார்க்கும் உரியதே. ஏதேனும் ஓர் அதிர்ச்சியால் வளர்நிலையிலிருந்த மயிர்க்கால்கள் பல ஒரே காலத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடின், இரண்டு மூன்று திங்கள் கழித்து அவையனைத்தும் ஒருங்கே கழல்கின்றன. இதற்கு ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல்மருத்துவர் 1961-ல் டெலோஜன் எஃப்லூவியம் என்று பெயரிட்டார். ஓய்வுநிலை உதிர்வு என்று தமிழிற் கூறலாம்.

பருமருந்தால் விளைவது பெரும்பாலும் இவ்வகையே. ஆய்வுக்கூடத்தில் மயிர்க்கால்களின்மீது ரெடினாயிக் அமிலத்தை இட்டபொழுது அவை காலத்திற்கு முன்னரே வளர்ச்சியை நிறுத்திச் சுருங்கின. புற்றுநோய்க்குத் தரும் மருந்துகள் சில, வளரும் மயிரையே தாக்கிச் சில வாரங்களில் தலையை வெறுமையாக்குவன, இஃது அத்தகையதன்று. இங்கு மயிர்க்கால் அழிவதில்லை, உறங்குகின்றது.

இதிலிருந்து பயனுடைய குறிப்பொன்று கிடைக்கின்றது. இன்று சீப்பில் வரும் மயிருக்குரிய காரணம் இரண்டு மூன்று திங்களுக்கு முன்னர் நிகழ்ந்தது. மருந்து தொடங்கிய முதல் வாரத்திலேயே மயிர் கொட்டுமாயின், பெரும்பாலும் குற்றம் மருந்தினதன்று. முன்னர் வந்த டெங்குக் காய்ச்சலோ, டைபாய்டோ, உடல் மெலிய வேண்டி உண்ணாதிருந்த நாட்களோ காரணமாயிருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு நோயும் மயிரை உதிர்ப்பன. மற்றொன்றும் உண்டு. ஆண்மைச் சுரப்புநீர் முகத்தின் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டிப் பருவை வளர்ப்பது. அதுவே, மரபுவழி வழுக்கை அமைந்தவர்க்கு நெற்றியிலும் உச்சியிலும் மயிரை மெலிவிப்பது. ஆகவே பருவும் வழுக்கையும் ஒருவர்பால் ஒருங்கே தோன்றுமிடத்து, இடையில் வந்த மாத்திரை செய்யாத பழியைச் சுமத்தலும் உண்டு.

மயிருதிர்வு இம்மருந்தை உண்போரிற் சிறுபான்மையோர்க்கே நேர்வது; மருந்தின் அளவு மிக அதுவும் மிகும். நாளொன்றுக்கு உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை கொடுத்து, மொத்தத்தில் கிலோகிராமுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் சேரும்வரை தொடர்தல் நெடுநாள் வழக்கம். 60 கிலோகிராம் எடையுள்ளார்க்கு மொத்தம் 7,200 முதல் 9,000 மில்லிகிராம் ஆகும். நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் உண்பார் குறைந்த மொத்தத்தை 120 நாளில் அடைவர். 30 மில்லிகிராம் உண்பார் 240 நாளில் அடைவர். மயிர் மிகுதியும் உதிருமாயின் மருத்துவர் நாளளவைக் குறைத்து நாட்களை நீட்டுதற்கு இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும். சொல்லாமல் நிறுத்திவிட்டவர்க்கு இவ்வழி கிட்டாது. அடங்காத கட்டிகள் மீண்டு எழுந்து தழும்பாகவும் நிற்கும்.

மயிர் வளருமென்று கருதி, அதே காலத்தில் வைட்டமின் ஏ மாத்திரையையோ மீன் ஈரலெண்ணெயையோ சேர்த்துண்பது பெருந்தவறு. அஃது எரிகின்ற தீயில் நெய் வார்ப்பதே. ஒருவர்க்கு எழுதித் தந்த மாத்திரையை விடுதித் தோழர் வாங்கி உண்பதோ இன்னுங் கொடிது. கருவுற்ற மகளிர் இதனை உட்கொள்ளின் குழந்தை பெருங் குறைகளோடு பிறத்தல் கூடும். மகளிர் இதனை உண்ணுங் காலத்தும், நிறுத்திய பின் ஒரு திங்களும் கருவுறலாகாது என்பது அதனாலேயே. இதற்கு முன் மயிருதிர்வு ஒரு பொருட்டன்று.

மருந்தை முடித்தபின் பெரும்பாலார்க்குச் சில திங்களில் மயிர் மீள்கின்றது. அரிதாகச் சிலர்க்கு மெலிவு நிலைத்துவிடுவதும் உண்டு. மருந்துக்குரிய குறிப்புத்தாளும் அதனை மறைக்கவில்லை. மீளுதலின் முதற்குறி நெற்றியோரத்தே நிமிர்ந்து நிற்கும் குறுமயிர்கள். எண்ணெய் தடவினும் படியா. மயிர் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளருமாதலின், கிராப்பு வைத்த ஆடவர் அரையாண்டில் பழைய தலையைக் காண்பர். இடுப்பளவு பின்னலுடைய மகளிர்க்கோ, மயிர்க்கால் அனைத்தும் விழித்த பின்னும் 60 சென்டிமீட்டர் வளர ஐந்தாண்டு செல்லும். அதுவரை பின்னலின் அடி பருத்தும் நுனி மெலிந்துமே இருக்கும்.