ஓரகடத்தில் செய்த பாகத்தை ஏற்றுமதி பண்ண லைசென்ஸ் வேணுமா? 'ஸ்கோமெட்' பட்டியல் சொல்வது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் - ஓரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு, வெளிநாட்டில் இருந்து வால்வு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அணு உலைக்கான வால்வு என்றால்? ரூல்ஸே வேற!

ஸ்கோமெட் என்றால் என்ன?

சாதாரணப் பயன்பாடு, ஆயுதம் என ரெண்டுக்கும் உதவக்கூடிய பொருட்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். வெளியிடுவது மத்திய அரசின் டிஜிஎஃப்டி. இதில் பூஜ்ஜியம் வகை முழுக்க அணுசக்தி சார்ந்தது. அதற்கு லைசென்ஸ் தருவது அணுசக்தித் துறை.

பொருளுக்கு மட்டும்தானா?

இல்லை. கட்டுப்பாட்டில் உள்ள டிராயிங், சாஃப்ட்வேரை மெயிலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். பட்டியலிலேயே இல்லாத பொருள் என்றாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது எனத் தெரிந்தே அனுப்பினால் 2005-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

அமைதிப் பயன்பாட்டுக்கு என வாங்கிய உதவியை வைத்து 1974-ல் இந்தியா பொக்ரானில் அணுகுண்டு சோதனை செய்ததாக எதிர்ப்பு எழுந்தது. அதன்பிறகு உருவானதுதான் என்எஸ்ஜி எனும் அணு விநியோக நாடுகள் குழு. 2008 செப்டம்பரில் இந்தியாவுக்கு விலக்கு கிடைத்தது. உறுப்பினர் இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அமெரிக்கா என்ன செய்கிறது?

2025 மார்ச்சில், சிறிய அணு உலைத் தொழில்நுட்பத்தை எல் அண்ட் டி உள்ளிட்ட 3 நிறுவனங்களுக்குத் தர ஹோல்டெக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. ஆனால், அமெரிக்காவின் சம்மதம் இல்லாமல் அதை வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது.

மீறினால்?

வெளிநாட்டு வர்த்தகச் சட்டப்படி, பொருள் மதிப்பில் 5 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதனால், 'வாங்குவது யார், எதுக்கு?' என்ற கேள்வியை விலை பேசும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.